கூட்டுக்குக் கீழே விரித்த பேப்பரை நான் பார்க்கவில்லை

திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஆறு வருசமாக ஒரு கொக்கட்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) இருக்கிறது. சாம்பல் நிற ஆண் பறவை, பெயர் மணி. போன மார்கழியில் அவன் அருந்தப்பில் பிழைத்தான். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இங்கே பறவை வளர்க்கிற கனபேர் என்னைப் போலத்தான். நாய்க்குத் தடுப்பூசி போட எங்கே போவதென்று தெரியும், பறவைக்கு வருத்தம் வந்தால் எங்கே போவதென்று தெரியாது.

கார்த்திகைக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், மகளுக்கு இரண்டு லவ் பேர்ட்ஸ் வாங்கினோம். கடையில் ஒரே கூட்டுக்குள் நாற்பது ஐம்பது நெருக்கிக்கொண்டு நின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து மணியின் கூட்டுக்குப் பக்கத்திலேயே கொழுவிவிட்டோம். தனிய இருக்கிறவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்றா மாமி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூன்றாம் கிழமை மணி விசிலடிப்பதை நிறுத்தினான். காலையில் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் அவனும் சேர்ந்து அடிப்பான், பாண்காரத் தம்பி சிரித்துக்கொண்டு ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். இரண்டு நாளாகச் சத்தமில்லை. வாடைக் காற்றுக் குளிர் என்று நினைத்தேன். பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். சுகமான பறவை நித்திரை கொள்ளும்போது பெரும்பாலும் ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். இவன் இரண்டு காலாலும் தடியைப் பிடித்துக்கொண்டு, இறகெல்லாம் ஊதி, பந்து மாதிரி இருந்தான். குளிருக்குத்தான் என்று அதையும் விட்டுவிட்டேன்.

கூட்டின் பேப்பரை மாற்றுவது மாமி. அவ ஒருநாள் சொன்னா, "எச்சம் பச்சைத் தண்ணியாக் கிடக்குது பிள்ளை." நான் அடுப்படியிலிருந்தே, "முருங்கையிலை குடுத்தனான் மாமி, அதுதான்" என்றேன். எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்துகிற கிழமை அது. இப்போது நினைத்தாலும் அந்தப் பதில் நெஞ்சுக்குள் குத்துகிறது.

பறவையின் எச்சத்தில் மூன்று பங்கு இருக்கும். நடுவில் பச்சையோ மண்ணிறமோ உருண்டையாக மலம், அதன்மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை, சுற்றிவரக் கொஞ்சம் தண்ணீர். கீரை தின்றால் மலம் பச்சையாகும், தண்ணீரும் கூடும். அந்த வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். மணியுடையதில் வெள்ளையே இளம்பச்சையாகிக் கிடந்தது. ஈரலில் பிழை இருந்தால் அப்படி வரும். அச்சடித்த பழைய பேப்பரில் கறுப்பு எழுத்துக்கு நடுவே அது கண்ணில் படவும் இல்லை. இப்போது வெறும் வெள்ளைத்தாள்தான் விரிக்கிறோம்.

வியாழக்கிழமை, பறவைகள் வாங்கிய அதே கடைக்குப் போய்ச் சொன்னேன். மஞ்சள் தூள் ஒன்றை மடித்துத் தந்து, தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். ரெட்ராசைக்கிளின். கலந்து வைத்தேன். மணி ஒருதரம் சொண்டை நனைத்துத் தலையை உதறினான், பிறகு கிண்ணத்துப் பக்கமே போகவில்லை. மருந்து கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் நான் இரண்டு நாளைத் தொலைத்தேன். அவனுக்குக் கிடைத்தது மருந்தில்லை, தாகம்.

சனிக்கிழமை இரவு கூட்டின் அடித்தட்டில் இருந்தான். மூச்சு எடுக்க எடுக்க வால் மேலும் கீழும் ஆடியது, நீர் இறைக்கிற துலா மாதிரி. அப்போதுதான் பயந்தேன்.

எங்கள் பாடசாலை ரீச்சர் ஒருவரின் தம்பி ஆடு வளர்க்கிறவர். அவரிடம் ஒரு மிருக வைத்தியரின் நம்பர் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு எடுத்தேன், எடுத்தார். "முதல்ல சூடு குடுங்கோ. கூட்டில பாதியைத் துணியால மூடி, ஒரு பக்கத்துக்கு மட்டும் வெளியில இருந்து பல்ப் வெளிச்சம் படுற மாதிரி வையுங்கோ. மற்றப் பக்கம் குளிரா இருக்கட்டும், சூடு கூடினா அது தானா நகரும். வாய்க்குள்ள ஒண்டும் ஊத்தாதேங்கோ, புரைக்கேறிடும். காலமை கொண்டு வாங்கோ. அடிப் பேப்பரையும் கொண்டு வாங்கோ." நாற்பது வாட் பல்ப்பைக் கட்டிவிட்டு, விடியும்வரை நானும் மாமியும் மாறி மாறி இருந்தோம்.

காலையில் அவர் மணியைத் துவாயால் சுற்றிப் பிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக்கொண்டார், நெஞ்சை அழுத்தவே இல்லை. பறவைக்கு எங்களைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே செத்துப்போகும். பிறகு என் விரலை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தார். நடு எலும்பு கத்தி முனை மாதிரித் தட்டுப்பட்டது, இரண்டு பக்கமும் பள்ளம். சின்னத் தராசில் 72 கிராம்.

"எப்பயிருந்து ரீச்சர் இப்பிடி?"

"நேற்றுப் பின்னேரம் டொக்டர்."

"நேற்று உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இவ்வளவு மெலியிறதெண்டா எத்தினையோ நாளாச் சாப்பாடு குறைஞ்சிருக்கு. காட்டில வருத்தக்காரக் குருவியைத்தான் பருந்து முதல்ல தூக்கும். அதால கடைசி மட்டும் காட்டாதுகள்."

பிறகு கேட்டார், "புதுசா ஏதும் குருவி வாங்கினீங்களா?" எனக்குத் திடுக்கிட்டது. அடுத்த கேள்வி அதைவிட மோசம். "வீட்டில ஆருக்கும் காய்ச்சல், இருமல்?"

மகளுக்கு நாலு நாளாகத் தலையிடியும் வறட்டு இருமலும். பனடோல் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சிட்டகோசிஸ் என்று சந்தேகிப்பதாகச் சொன்னார். கிளி இனப் பறவைகளில் வருகிற கிருமி. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் மனிதருக்கும் தொற்றும், நுரையீரல் வரை போகும். சில பறவைகள் வெளியே சுகமாக இருந்துகொண்டே மற்றவைக்குப் பரப்பும். உறுதிப்படுத்தும் பரிசோதனைக்குக் காத்திருக்க நேரமில்லை, மருந்தைத் தொடங்குவோம் என்றார். "நான் மாடு, ஆடு, கோழி பார்க்கிற ஆள்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, எனக்கு முன்னாலேயே பேராதனையில் இருக்கும் தன் கூட்டாளிக்கு ஃபோன் எடுத்து, நிறைக்கு எவ்வளவு மருந்து என்று கேட்டு எழுதினார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

டொக்சிசைக்கிளின், 45 நாள். கிருமி உடலின் கலங்களுக்குள் ஒளிந்திருப்பதால் இடையில் நிறுத்தக்கூடாது. கூட்டில் கொழுவியிருந்த கணவாய் ஓட்டைக் கழற்றச் சொன்னார். அதிலுள்ள கல்சியம் இந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. கடைக்காரர் தந்த தூளும் அதே குடும்பத்து மருந்துதான். நான் அதைக் கணவாய் ஓட்டை வைத்துக்கொண்டே கொடுத்திருக்கிறேன்.

மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சால், பறவையின் இடப்பக்க வாயோரமாக, வலப்பக்கத்தைப் பார்த்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கியது. ஆறாம் நாள் தானாகத் தினை கொத்தினான். புதிதாக வந்த இரண்டில் ஒன்று ஒன்பதாம் நாள் செத்துப்போனது, அதற்கும் மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். மகள் அதைக் கொய்யா மரத்தடியில் தாட்டாள். 45ஆம் நாள் மணி 88 கிராம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். முக்கியமாக, பிழைவிட்ட இடங்களை.

*

கிண்ணியாவிலிருந்து:

ரீச்சர், கணவாய் ஓட்டைப் பற்றி எழுதினதால நானும் எழுதுறன். எங்கட வீட்டில நடந்தது முட்டை இறுகினது. 2007 இருக்கும், பாலம் வர முந்தி. 2009இல் பாலம் திறக்கும்வரைக்கும் நாங்க பாதையில, அதாவது மிதவைப் படகிலதான், களப்பைக் கடக்கிறது, அந்தக் காலத்தில் இரவில் வெளிக்கிடவும் ஏலாது. உம்மாட லவ் பேர்ட்ஸ் பெட்டை ஒண்டு மஃரிபுக்குப் பிறகு கூட்டுக்கு அடியில வந்து குந்திட்டுது. வயிறு வீங்கி, காலை அகட்டி வைச்சு முக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஆளுக்கொரு கதை சொன்னாங்க. எண்ணெய் விட்டுப் பிதுக்கினால் வந்திடும் எண்டு ஒருத்தர் சொல்ல, வாப்பா பிதுக்கினார். முட்டை உள்ளுக்குள்ளயே உடைஞ்சு போச்சு. சுபஹுக்கு முந்தி மௌத்தாப் போயிட்டுது. வாப்பா ரெண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்கல்ல.

ஆரும் பிதுக்காதீங்க. இதைத்தான் சொல்ல வந்தன். போன வருசம் என்ர ராத்தாட வீட்டில அதே மாதிரி வந்தது. இந்தமுறை பெட்டிக்குள்ள ஈரத் துவாய் வைச்சு, சூடு குடுத்து, விடிஞ்சதும் டொக்டரிட்டக் கொண்டு போனம். கல்சியம் ஊசி போட்டார். பின்னேரம் முட்டை வந்திட்டுது. ஓடே இல்லை, தோல் மட்டும். வெறும் தினையை மட்டும் தின்னுற பெட்டைக்கு ஓட்டுக்குக் கல்சியம் எங்கால வாறது? எங்கட கடற்கரையில கணவாய் ஓடு சும்மா ஒதுங்கிக் கிடக்குது. பொறுக்கி, ரெண்டு மூண்டு நாள் நல்ல தண்ணியில ஊறப்போட்டு உப்புப் போக்கி, வெயிலில காயவைச்சுக் குடுக்கிறம். மருந்து குடிக்கிற பறவைக்கு மட்டும் கழற்றோணும் எண்டது எனக்குப் புதுசு. ராத்தாக்கும் சொல்லிட்டன்.

*

உப்புவெளியிலிருந்து:

எங்களுக்கு டொக்டரிடம் போக நேரமே கிடைக்கவில்லை. ஒட்டாத பூச்சுப் பூசிய (நொன்-ஸ்டிக்) சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் கதைக்கப் போனேன். வெறும் சட்டி கொதித்துப் புகைந்தது. திரும்பி வரும்போது அடுப்படி யன்னலோரம் இருந்த இரண்டு பறவையும் கீழே கிடந்தன. அந்தப் பூச்சு கூடச் சூடானால் வருகிற வாயு எங்களுக்கு மணக்கவே மணக்காது, பறவையின் நுரையீரலை அழித்துவிடும். கூட்டை அடுப்படியில் வைக்காதீர்கள். நுளம்புத்திரி, சாம்பிராணி கொளுத்துகிற அறையிலும் வேண்டாம்.

*

தம்பலகாமத்திலிருந்து:

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பிள்ளை, மாமி சொன்ன சொல்லை நீங்கள் எழுதியது நல்லது. வருத்தத்தை முதலில் காண்பது பெரும்பாலும் கூடு துப்புரவாக்குகிற ஆள்தான். கோழிக்கூட்டிலும் அதே கதை.

சனங்கள் அலுவலகத்துக்கு வரும்போது நான் கண்ட சில விசயங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டைக் கழுவித் துடைத்துப் புதுப் பேப்பர் விரித்துக் கொண்டுவருவார்கள். வைத்தியருக்கு வேண்டியதே அந்த அழுக்குத்தான். எச்சத்துக்குள் தினை முழுசாக, சமிக்காமல் வருகிறதா என்று பார்ப்பார். நன்றாகத் தின்றும் மெலிகிற லவ் பேர்ட்ஸில் வயிற்றுக்குள் ஒருவகைப் பூஞ்சணம் இருக்கும், அதை நுணுக்குக்காட்டியில் எச்சத்தை வைத்தே காணலாம்.

இன்னொன்று, "சாப்பிடுது சேர், கிண்ணம் அரைவாசி இருக்கு" என்பார்கள். ஊதிப் பார்த்தால் எல்லாம் உமி. பறவை உமியைத் திரும்பக் கிண்ணத்துக்குள்ளேயே விழுத்தும், மேலால் பார்த்தால் தினை மாதிரியே இருக்கும். அப்படியே பட்டினி கிடந்து செத்த பறவைகளைக் கண்டிருக்கிறேன். தினமும் ஊதுங்கள்.

பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச கால்நடை வைத்தியர் அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்துக்குப் ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரிவு. பறவைக்கென்று தனியாகப் படித்தவர் அங்கே இல்லாவிட்டாலும், பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதா, இங்கேயே பார்ப்பதா என்று அவர் சொல்லுவார். கண்டி பஸ்ஸில் அஞ்சாறு மணித்தியாலம், நெஞ்சு அடிக்கிற பறவையை வைத்தியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். செத்துப்போனால் உடனே தாட்டுவிட வேண்டாம். கையுறை போட்டு, பொலித்தீனில் சுற்றி, சாப்பாடு இல்லாத குளிர்ப்பெட்டியில் வைத்து வைத்தியரைக் கேளுங்கள். ஐஸாக உறையவிடக்கூடாது, வெட்டிப் பார்க்க உதவாது. அதைப் பார்த்து மிச்சப் பறவைகளைக் காப்பாற்றலாம்.

மகளுக்கு இப்போது எப்படி? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

*

பாலையூற்றிலிருந்து:

ஐயா, அண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டில் வருத்தக்காரப் பறவை இருக்கிறது என்று முதல் வசனமாகவே சொன்னேன், மிருக வைத்தியர் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். டொக்டர் உடனே எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை பறவை, யார் கூடு கழுவுகிறது என்று கேட்டு, நெஞ்சைப் படம் எடுக்க அனுப்பினார். மருந்து தந்தார்கள், ஒரு கிழமையில் இருமல் நின்றது. மாமியையும் பரிசோதித்தார்கள், அவவுக்கு ஒன்றுமில்லை.

கூட்டுத் தாளை இப்போது தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் எடுக்கிறோம், முகக்கவசம் போட்டுக்கொண்டு. ஞாயிறு காலையில் மகள் மணியைத் தராசில் வைத்துக் கொப்பியில் எழுதுகிறாள். நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு மாமி போய்க் கிண்ணத்தை ஊதிப் பார்த்தா. முக்கால்வாசி உமி.