எல்லாவற்றையும் லோரி கணக்கில் எழுதினோம்

பட்டர்வொர்த்:
அப்பா முப்பது வருடம் லோரி ஓட்டியவர். 64 வயதில் இரண்டு கையும் மரத்து, ராத்திரித் தூக்கம் கெட்டு, கார்ப்பல் டன்னல் (மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது) ஆப்பரேஷன் செய்தோம். ஸ்டீயரிங் பிடித்த கை அப்படித்தான் ஆகும் என்றார்கள், நம்பினோம். ஆறு வருடம் கழித்து, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது. வருடக்கணக்காகச் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போய், எழுந்து நின்றாலே தலை சுற்றியது. கிளினிக்கில் மாத்திரையை நிறுத்தினார்கள். பிரஷர் குணமாகிவிட்டது என்று அம்மா பாயசம் வைத்தார்!

ஸ்கேனில் இதயச் சுவர் தடித்திருந்தது. தடித்த இதயத்துக்கு இசிஜி கோடுகள் உயரமாக வருவதுதான் வழக்கமாம். அப்பாவுக்குக் குட்டையாக இருந்தன. அதைப் பார்த்துத்தான் டாக்டர், "ஐயா, கையில் எப்போதாவது ஆப்பரேஷன் செய்தீர்களா?" என்று கேட்டார். அதுவரை எங்களுக்குச் சொல்லத் தோன்றவே இல்லை. கல்லீரல் சுரக்கும் டிடிஆர் என்ற புரதம் உருக்குலைந்து, மணிக்கட்டிலும் இதயத்திலும் படியும் அமிலாய்டோசிஸ் என்ற நோய். வயதான ஆண்களுக்கு அதிகம் வரும். பரம்பரையாக வரும் வகையும் உண்டு என்பதால் அப்பாவுக்கு மரபணுச் சோதனை செய்தார்கள், அது இல்லை.

செந்தூல்:
அண்ணே, எங்கள் சின்னம்மாவுக்கு வேறு மாதிரி. சிறுநீரில் நுரை, கால் வீக்கம். பத்து வருடச் சர்க்கரை, அதனால்தான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் நாக்கு பெரிதாகி, ஓரமெல்லாம் பல் அச்சு. இருமினால் கண்ணைச் சுற்றி ஊதாவாகக் கன்றிப்போகும். சித்தப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தவர்கள்கூட உண்டு, பாவம் மனிதர்.

இது அமிலாய்டோசிஸில் ஏஎல் என்ற வகை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் லைட் செயின் என்ற புரதத்தை அளவுக்கு மீறிக் கொட்ட, அது உறுப்புகளில் படிகிறது. நாள் கடத்தவே கூடாது. மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளையே இதற்கும் கொடுக்கிறார்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் லைட் செயின் பார்க்காமல், வெறும் ஸ்கேனை வைத்து இன்ன வகை என்று முடிவு கட்டக் கூடாது என்று ரத்தநோய் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பாவுக்கு அதை முதலில் பார்த்தார்களா?

பட்டர்வொர்த்:
பார்த்தார்கள் தம்பி. அது சரியாக இருந்த பிறகுதான் வகையை உறுதிசெய்யும் இன்னொரு ஸ்கேன். ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. மலை ஏறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, தண்ணீர் வாளியைத் தூக்கும்போது மேல்கையில் தசைநார் அறுந்து, சதை உருண்டையாகத் திரண்டு நின்றது. அதையும் லோரி கணக்கில்தான் எழுதினோம்.