ரத்தத்தில் விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனை) நெகட்டிவ். அதன் பிறகும் முதுகில் நீர் எடுக்க வேண்டுமா?

அல்சூர் மகன்:
அப்பாவுக்கு 61 வயது. பெங்களூரு அல்சூரில் 30 வருடமாகத் தையல் கடை. ஆறு மாதமாக ஆளே மாறிவிட்டார். சில்லறைக் கணக்கு தப்புகிறது, தொட்டதற்கெல்லாம் கோபம். போன மாதம் ஆண்கள் சட்டை ஒன்றுக்குக் காஜாவை (பொத்தான் துளையை) இடதுக்குப் பதில் வலது பக்கம் போட்டுவிட்டார். அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். முதலில் காட்டிய இடத்தில் வயசுக் கோளாறு என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கவில்லை; விரலைக் கிட்டே கொண்டுவந்தால் சுருங்குகிறது. ரத்தத்தில் டிபிஎச்ஏ (சிபிலிஸுக்கான இன்னொரு பரிசோதனை) பாசிட்டிவ், விடிஆர்எல் நெகட்டிவ். மூளையில் சிபிலிஸ் இருக்கலாம், முதுகுத் தண்டு நீர் எடுக்கணும் என்கிறார். கால் விளங்காமல் போய்விடும் என்று அப்பா மறுக்கிறார். விடிஆர்எல் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம்?

லேப்காரர், சிவாஜிநகர்:
இல்லை தம்பி. 22 வருடமாக லேப்பில் இருக்கிறேன், இந்தக் குழப்பத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். நோய் வந்து பல வருடம் ஆனவர்களுக்கு ரத்த விடிஆர்எல் தானாகவே நெகட்டிவ் ஆகிவிடுவது உண்டு. டிபிஎச்ஏ அப்படியில்லை, ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான். அதனால் அது மட்டும் மூளையில் நோய் இருப்பதாகச் சொல்லாது. அந்தக் கண்மணியோடு சேர்த்துப் பார்த்தால் நீர் எடுத்தே ஆக வேண்டும்.

அந்த நீரில் வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5-க்கு மேல் இருக்கின்றனவா, புரதம் 100 மில்லிக்கு 45 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று பார்ப்போம். அப்புறம் அதே நீரில் விடிஆர்எல். அது ரியாக்டிவ் (பாசிட்டிவ்) என்றால் கிட்டத்தட்ட உறுதி, ஆனால் நீரில் ரத்தம் கலந்திருக்கக் கூடாது. நெகட்டிவ் என்று வந்தால் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பாதிப் பேரிடம்கூட அது தவறிவிடலாம். அப்போது எஃப்டிஏ என்ற இன்னொரு சிபிலிஸ் பரிசோதனையைக் கேளுங்கள், நீரில் அதுவும் நெகட்டிவ் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. எச்ஐவி பரிசோதனையும் கட்டாயம், அது இருந்தால் அணுக்களின் கணக்கே மாறும். எடுத்த நீர் சும்மா கிடந்தால் அணுக்கள் சிதைந்துவிடும், உடனே லேப்புக்குப் போகிறதா என்று கூட நின்று பாருங்கள்.

கால் பயத்துக்குப் பதில்: தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழேதான் இறங்கும்.

செல்வி, ஸ்ரீராமபுரம்:
என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். நீர் எடுத்த பிறகு இரண்டு நாள் தலைவலி, வேறு ஒன்றும் இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பெனிசிலினை நரம்பு வழியாக 14 நாள் ஏற்றினார்கள். இடுப்பில் போடும் பெனிசிலின் ஊசி மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேராதாம். நடை நன்றாகிவிட்டது, ஞாபகம் முழுசாகத் திரும்பவில்லை. எங்களுக்கு எட்டு மாதம் வீணானது, நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்கும் ரத்தம் பாருங்கள். வார்டில் நோயின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் நேரடியாகக் கேளுங்கள். அன்றைக்கு நான் வாய் மூடி நின்றது இன்னும் வலிக்கிறது.

அல்சூர் மகன்:
லேப்காரர் சொன்னதைக் காட்டியதும் அப்பா சம்மதித்தார். நீரில் அணுக்கள் 38, புரதம் 81, விடிஆர்எல் ரியாக்டிவ். எச்ஐவி இல்லை. நேற்று ராத்திரி பெனிசிலின் தொடங்கியாயிற்று. அம்மாவுக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறோம், ரிப்போர்ட் வியாழக்கிழமை. அந்தச் சட்டைக்காரர் வந்தாரா என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.