ரெவிட்ல டெக்ஸ்ட்டுக்குத் தடை போடலாமா?

மாடல்மலர்:
எங்க ஆபீஸ்ல இந்த வாரத்துலேருந்து ரெவிட் (கட்டடத்தை மாடலாப் போடுற சாஃப்ட்வேர்) ஷீட்ல கையால அடிச்ச டெக்ஸ்ட் கூடாது. கதவு, ஜன்னல், ரூம் பேர், பரப்பளவு எல்லாமே டேக்தான், அதாவது மாடல்லேருந்து தானா விவரம் எடுத்துக் காட்டுற லேபிள். சட்டம் போட்டது நான்தான். போன வேலையில ஒரு ஜன்னல் வகையோட அகலத்தை 1200 மி.மீ.லேருந்து 1500 ஆக்கினோம். மாடல் மாறிச்சு, பிளான் மாறிச்சு. பக்கத்துல யாரோ அடிச்சு வச்ச "1200 x 1350" மட்டும் அப்படியே நின்னுச்சு. அலுமினியக்காரர் அந்த எழுத்தைத்தான் படிச்சார். பழைய அளவுலேயே பதினொரு பிரேம் சைட்ல வந்து இறங்கிடுச்சு. டேக்ல அகலம், உயரம் சேர்த்திருந்தா அதுவே மாறியிருக்கும்.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
உங்களுக்குப் பதினொண்ணு, எனக்கு முப்பது ஜன்னல்மா. எங்க பையன் ஒரே ஒரு ஜன்னலுக்கு டபிள்யூ-3ன்னு இருந்த டேக்கை டபிள்யூ-3ஏன்னு மாத்தினான். கதவு டேக் ஒவ்வொரு கதவோட சொந்த மார்க்கை, அதாவது அடையாளக் குறியைக் காட்டும். ஜன்னல் டேக் காட்டுறது டைப் மார்க், அந்த வகைக்கே பொதுவான குறி. ஒண்ணைத் தொட்டா அந்த வகை மொத்தமும் மாறும். நாலு மாடியிலயும் டபிள்யூ-3 காணாமப் போச்சு. ஷெட்யூலும் (ஜன்னல் பட்டியல்) கூடவே மாறினதால ரெண்டும் ஒத்துப்போச்சு, செக் பண்ணவருக்குச் சந்தேகமே வரல. டெக்ஸ்ட்ல தப்புன்னா ஒரு இடத்தோட போயிருக்கும்.

மாடல்மலர்:
மாத்தும்போது "இது டைப் பாராமீட்டர் (வகைக்கே பொதுவான விவரம்), நிறைய பொருளைப் பாதிக்கும்"னு ரெவிட் கேட்டிருக்குமே சார்?

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
கேட்டுச்சு. நாளுக்கு அம்பது தடவை எதையாவது கேட்டுட்டே இருந்தா எவன் படிக்கிறான்?

சைட்_சாமி:
ஜன்னலை விடுங்க, பரப்பளவுக்கு வாங்க. வழக்கே அங்கதான் வருது. 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கார்ப்பெட் ஏரியால (வீட்டுக்குள்ள புழங்குற பரப்பு) வெளிச்சுவர் வராது, பைப் போற ஷாஃப்ட் வராது, வீட்டுக்குச் சொந்தமான பால்கனியும் வராது. ஆனா உள்ள இருக்கிற தடுப்புச் சுவரோட பரப்பு வரும். ரூம் டேக் சுவர்ப் பூச்சு வரைக்கும்தான் அளக்கும். ஹால், கிச்சன், பெட்ரூம் டேக்கைக் கூட்டினா தடுப்புச் சுவர் விட்டுப்போயிடும். 115 மி.மீ. சுவர் 12 மீட்டர் ஓடினாலே 1.38 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 15 சதுர அடி. சரி, செட்டிங்கைச் சுவர் மையத்துக்கு மாத்தினா வெளிச்சுவர்ல பாதி உள்ள வந்து உட்காரும். ரெண்டு வழியிலயும் எண் தப்பு. டேக்ல இருக்கிறதால மட்டும் எல்லாரும் நம்புறாங்க.

மாடல்மலர்:
இதை ஒத்துக்கிறேன். அதுக்கு ரூமை நம்பக்கூடாது. ஏரியா பிளான் (பரப்பளவுக்குன்னே ஒரு பிளான்) தனியாப் போட்டு, எல்லைக்கோட்டை வெளிச்சுவரோட உள்முகத்துல நாமளே வரையணும், ஷாஃப்டைக் கழிக்கணும். அப்புறம் டேக்.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
கோட்டைக் கையால போடலாம், எண்ணைக் கையால போடக்கூடாதா?

மாடல்மலர்:
கோடு எங்க ஓடுதுன்னு பிரிண்ட்ல விரல் வச்சுப் பாக்கலாம் சார். அடிச்ச எண் எங்கேருந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? டைமென்ஷன்ல (அளவுக்கோடு) எண்ணை அடிக்க ரெவிட் விடாததும் இதனாலதான்.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
விடாதாமே! கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒண்ணைச் சேர்த்து ஒட்டி, வேணுங்கிற எண்ணைப் போடுற பசங்க எங்க ஆபீஸ்லயே இருக்காங்க. ஆட்டோகேட்ங்கிற வரைபட சாஃப்ட்வேர்ல இருக்கிற ஃபீல்டு (பொருள்லேருந்து எண்ணை எடுத்துக் காட்டுற எழுத்து) இந்த விஷயத்துல நேர்மை. பொருளை அழிச்சா "####"னு பல்லைக் காட்டிடும். ரீஜென் (வரைபடத்தைப் புதுப்பிக்கிற கட்டளை) அடிக்க மறந்தா பழைய எண்ணோட நிக்கும், அது வேற கதை.

டிப்ளமா_பையன்:
நடுவுல ஒரு சந்தேகம் அக்கா. "கிரில் வகை"ன்னு ப்ராஜெக்ட் பாராமீட்டர் (இந்த ப்ராஜெக்ட்டுக்குள்ள மட்டும் நாமளே சேர்க்கிற விவரம்) போட்டேன். ப்ராப்பர்ட்டீஸ்ல தெரியுது, டேக்ல வெறும் கேள்விக்குறி.

மாடல்மலர்:
டேக் ப்ராஜெக்ட் பாராமீட்டரைப் படிக்காது தம்பி, ஷேர்டு பாராமீட்டரா (பொது ஃபைல்லேருந்து பகிர்ந்துக்கிற விவரம்) இருக்கணும். அதே பேர்ல புதுசா ஒண்ணு உருவாக்கினாலும் ஆகாது. பேரை அது பாக்காது, உள்ள இருக்கிற அடையாள எண்ணைத்தான் பாக்கும். ஆபீஸோட ஒரே ஷேர்டு ஃபைல்லேருந்து ப்ராஜெக்ட், டேக் ரெண்டு இடத்துலயும் எடு.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
மொத்தம் மூணு வகை கிரில். டெக்ஸ்ட் அடிச்சிருந்தா இந்நேரம் சாப்பிட்டு வந்திருப்பான்.

மாடல்மலர்:
சரி, பொதுக் குறிப்புக்கு மட்டும் டெக்ஸ்ட் விட்டுத்தரேன். அளவு இருக்கிற எதுக்கும் கிடையாது.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
"மூலையில பைப் போகுது, பாத்து உடை"ன்னு எழுதலாமா?

மாடல்மலர்:
தாராளமா. பைப் சைஸ் மட்டும் எழுதாதீங்க.

சைட்_சாமி:
மேஸ்திரி முதல்ல அதைத்தான் கேப்பார்.