புதுப்பிப்பு வட்டாரத்தைப் பெரிதாக்கினால் பழைய குடியிருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி:
அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரில் 2000-ல் தொடங்கிய இன்டர்ஸ்டேட் காரிடார் புதுப்பிப்பு வட்டாரத்தை (மேம்படுத்துவதற்காக நகரம் தனியாக அறிவிக்கும் பகுதி) 2011-ல் விரிவாக்கினார்கள். பின்தங்கிய பகுதியை இப்படிச் சேர்த்தால் அங்கே ஏற்கெனவே இருப்பவர்களுக்கு என்ன பயன்? பணம் எங்கிருந்து வருகிறது?

பதில் 1:
சொத்து வரியிலிருந்துதான். வட்டாரம் அறிவிக்கும்போது இருந்த சொத்து மதிப்பை அப்படியே நிறுத்தி வைப்பார்கள், அதற்கான வரி வழக்கம்போல நகரத்துக்கும் கவுண்டிக்கும் (மாவட்டம் போன்ற நிர்வாகம்) போகும், பிறகு மதிப்பு கூடுவதால் வரும் கூடுதல் வரியைக் காட்டிக் கடன் வாங்கித்தான் சாலை, வீடு, கடைத்தெரு வேலையெல்லாம் நடக்கும். இஷ்டத்துக்கு விரிக்கவும் முடியாது. முதலில் இருந்த பரப்பில் 20 சதவீதம் வரைதான் சேர்க்கலாம் என்று ஓரிகன் சட்டம் சொல்கிறது.

பதில் 2:
மதிப்பு ஏறினால்தான் பணம், மதிப்பு ஏறினால் வாடகையும் ஏறும், அப்போது முதலில் வெளியேறுவது ஏழைகள்தான். அங்கேயே அல்பைனா பகுதியைப் பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் இமானுவேல் மருத்துவமனை விரிவாக்கத்துக்காகக் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளையும் கடைகளையும் இடித்தார்கள். அப்புறம் மத்திய அரசின் பணம் வரவில்லை, நிலம் பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தது. நினைத்தாலே கோபம் வருகிறது.

பதில் 1:
உண்மைதான். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் வீட்டு ஒதுக்கீட்டில் முன்னுரிமை தரும் கொள்கை பின்னால் வந்தது, ரொம்பத் தாமதமாக.

பதில் 3:
2006-ல் இந்தக் கூடுதல் வரிப் பணத்தில் 30 சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளுக்கு ஒதுக்க நகரம் முடிவு செய்தது, 2015-ல் அதை 45 ஆக்கினார்கள். எந்த விரிவாக்கத் திட்டம் வந்தாலும் முதலில் இந்தப் பங்கைத் தேடிப் படியுங்கள்.