அசாசின்ஸ் கிரீட் ஷாடோஸ் விளையாடியவர்களிடம் ஓர் உதவி

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு அசாசின்ஸ் கிரீட் ஷாடோஸ் வாங்கிக் கொடுக்க விருப்பம். ஆனால் 2025 மார்ச்சில் வந்த இந்த கேமைப் பற்றித் தேடினால், அதைச் சுற்றி நடந்த சண்டைதான் முன்னுக்கு வருகிறது.

16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவிடம் பணியாற்றிய ஆப்பிரிக்கர் யாசுகேயை நாயகர்களில் ஒருவராக வைத்ததற்கே, வெளிவரும் முன்பே பலர் திட்டித் தீர்த்துவிட்டார்கள். விளையாடாமலே சொல்லும் கருத்தை வைத்து நான் என்ன செய்வது?

எதிர்ப்பு எல்லாமே வீண் என்றும் சொல்லமாட்டேன். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமுக்கு எதிராக, கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் குவிந்த மதிப்புரைகளில் முழு நியாயம் இருந்தது. அதை விளையாட சோனியின் ஆன்லைன் சேவையான பிஎஸ்என்னில் கணக்கு கட்டாயம் என்றால், அந்தச் சேவையே இல்லாத எங்கள் நாட்டில் இருப்பவர்கள் எங்கே போவது? சோனியும் கடைசியில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது.

சரி, எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஷாடோஸின் இன்னொரு நாயகி நாவோயேயின் பதுங்கல், யாசுகேயின் வாள்சண்டை இரண்டும் கடைசிவரை சுவாரசியமாக இருக்கிறதா, இல்லை பாதியில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது போல ஆகிவிடுகிறதா? நடுத்தர கேமிங் லேப்டாப்பில் திணறாமல் ஓடுமா? 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும், டேட்டாவும் காசுதான். ஸ்டீமில் 2 மணித்தியாலத்துக்குள் விளையாடிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம்தான், இவ்வளவு பெரிய கேமுக்கு அது காணாது.

எவ்வளவு நேரம், எந்த மெஷினில் விளையாடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.