சிவப்புக் கோட்டுக்கு மேலே வெறும் வரி இருந்ததா, இல்லையா?

துறையடி:
நேற்று இங்கே மூத்த இலிகிதர் ஐயா எழுதியதை வாசித்துவிட்டு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் எழுதியது இதுதான்: "வரவு பதிய விரல் ரேகை வைக்கிற மெசின் வந்துதான் கந்தோர் கெட்டுப்போனது. எங்கள் காலத்தில் 8.30க்கு வேலை, 8.45க்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு, பிந்தி வந்தவர் அதற்குக் கீழேதான் ஒப்பம் வைக்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஒரு வரிகூட வெறுமையாக இருந்ததில்லை. ஆள் பார்த்து நடக்கவில்லை. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு வராது."

ஐயா, நான் திருகோணமலையில் ஒரு கந்தோரில் முகாமைத்துவ உதவியாளர். என் வாப்பாவும் கந்தோர் வேலைதான் செய்தார். எங்கள் ஊர் கிண்ணியாவில் இருந்து டவுனுக்கு வர நீரைக் கடக்க வேண்டும், அது பாலம் இல்லாத காலம். விடிய ஐந்தரைக்கு வீட்டில் இருந்து வெளிக்கிடுவார். பாதை, அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை, அக்கரையில் நின்றால் அது திரும்பி வரும்வரை துறையடியில் காவல். அப்புறம் பஸ். வழியில் செக்பொயின்ட், எல்லாரும் இறங்கி நடந்து மறுபடி ஏற வேண்டும். 8.50க்குக் கந்தோர் வாசலை மிதித்தால் அவர் பெயர் கோட்டுக்குக் கீழே. டவுனில் வீடு உள்ளவர் 9.10க்கு வந்து கோட்டுக்கு மேலே ஒப்பம் வைப்பார். எப்படி? கோடு போடும்போதே மேலே இரண்டு மூன்று வரி வெறுமையாக விட்டிருப்பார்கள். வாப்பா இதை வருடக்கணக்காகப் பார்த்தார். மெசினில் ஆயிரம் குறை சொல்லுங்கள், கேட்கிறேன். ஆனால் யாருடைய வீடு டவுனில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

மூத்த இலிகிதர்:
பிள்ளை, 34 வருடம் சேவை செய்தவன் நான். அதில் 11 வருடம் அந்தக் கோட்டைப் போட்டது என் கை. சிவப்புப் பேனை, அடிமட்டம், சுவர் மணிக்கூடு, இவ்வளவுதான் எங்கள் மெசின். கடைசி ஒப்பத்துக்கு நேர் கீழேதான் கோடு. வெறும் வரி விட்டதில்லை.

துறையடி:
உங்கள் கந்தோரில் விடவில்லை என்று சொல்லுங்கள். "எங்கள் காலத்தில்" என்று எல்லாக் கந்தோருக்கும் சேர்த்து ஏன் எழுதுகிறீர்கள்? வாப்பாவின் கந்தோரில் விட்டார்கள்.

உப்புவெளி:
நான் அந்த மெசின்களைப் பூட்டித் திருத்துகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். இந்தச் சண்டை மெசினோடு வந்தது இல்லை. 1888இல் நியூயோர்க் மாநிலத்தில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் வேலைக்கு வரும் நேரத்தைப் பதியும் மணிக்கூட்டைச் செய்தார். ஆளுக்கொரு இலக்கமிட்ட சாவி. போட்டுத் திருப்பினால் நேரம் காகிதத்தில் விழும். அந்தக் குடும்பத்தின் கம்பனிதான் பிறகு ஐபிஎம் ஆன நிறுவனத்தில் சேர்ந்தது. சாவியை நண்பனிடம் கொடுத்துவிட்டால் அவன் உங்களுக்கும் சேர்த்துத் திருப்பிவிடலாம். விரலைக் கொடுத்துவிட முடியாது, அதுதான் வித்தியாசம்.

மெசினிலும் பிரச்சினை இருக்கிறது. அது விரலின் படத்தை வைத்துக்கொள்வதில்லை. ரேகை முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் கணக்கெடுத்து ஓர் இலக்கக் கோவையாக வைக்கிறது. சீமெந்து குழைக்கிறவர், உப்புத் தண்ணீரில் வலை இழுத்து வளர்ந்தவர், நாள் முழுக்கத் தரை கழுவுகிற அம்மா, இவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ஐந்து தடவை வைத்தாலும் எடுக்காது. ஒரு கந்தோரில் சுத்திகரிப்பு வேலை செய்யும் அம்மா ஒருவர் நேரத்துக்கு வந்தும் அரை நாள் லீவு வெட்டுப்பட்டு அழுததை நான் கண்ணால் பார்த்தேன்.

மூத்த இலிகிதர்:
பார்த்தீர்களா! திருத்துகிறவரே சொல்கிறார். என் கோடு எந்த ஏழை அம்மாவையும் அழ வைக்கவில்லை.

துறையடி:
என் வாப்பாவை அழ வைத்தது.

மூத்த இலிகிதர்:
அது பாதையின் பிழை. கோட்டின் பிழை இல்லை.

மூதூரான்:
ஐயா, எந்த 8.45 என்று முதலில் சொல்லுங்கள். 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. பழைய நேரத்துக்கு முழுதாகத் திரும்பியது 2006 ஏப்ரலில். அந்தப் பத்து வருடமும் புதிய நேரம், பழைய நேரம் என்று இரண்டு நேரம். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரம்தான். அங்கிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்தவன் தன் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்து வந்தால் உங்கள் சுவர் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் பிந்தியவன்.

மூத்த இலிகிதர்:
அரசாங்கக் கந்தோரில் அரசாங்க நேரம். இதைக் கேட்க வெட்கமாக இல்லையா? 2006இல் முடிந்த கதையை ஏன் இழுக்கிறீர்கள்?

மூதூரான்:
கோட்டுக் கதையை இழுத்தது நீங்கள். நேரக் கதையை நான் இழுத்தால் மட்டும் முடிந்த கதையா?

நிலாவெளிக் காற்று:
ஒழுங்கு என்றால் என்ன என்று யாராவது சொல்லிவிட்டுச் சண்டை பிடியுங்கள். நேரத்துக்கு வருவதா, வந்து வேலை செய்வதா? நான் ஹோட்டலில் முன்மேசையில் இருக்கிறேன். எங்களுக்குக் கோடும் இல்லை, விரலும் இல்லை. வட்ஸ்அப் குழு மட்டும்தான். இரவு பத்தரைக்கு மனேஜர் செய்தி போடுவார். நீலச் சரி விழுந்த பிறகு பதில் போடாவிட்டால் காலையில் முகம் திருப்புவார். லீவு நாளிலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் 4.15க்குக் கந்தோரைப் பூட்டினால் வேலை பூட்டுக்குள் இருந்தது. இப்போது அது எங்கள் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. இதை யாரும் பேச மாட்டீர்களா?

துறையடி:
அதைப் பிறகு பேசுவோம் தம்பி. ஐயா இன்னும் வெறும் வரிக்குப் பதில் சொல்லவில்லை.

மூத்த இலிகிதர்:
மூன்று தடவை சொல்லிவிட்டேன். வெறும் வரி இருக்கவில்லை.

துறையடி:
சரி, ஒன்று கேட்கிறேன். 2009 ஒக்டோபரில் 396 மீற்றரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் 8.20க்கே வந்து நின்றார்கள். அதே ஆட்கள்தான், அதே இரத்தம்தான். பாலம் வந்தவுடன் எங்கிருந்து ஐயா ஒழுங்கு வந்தது? பாலம் போட்ட மறுநாள் எங்களுக்குப் புதுப் பிள்ளைகள் பிறந்தார்களா? "கிண்ணியாக்காரன் என்றால் பிந்தித்தான் வருவான்" என்று கன்டீனில் சிரித்தவர்கள் ஒருவராவது வந்து மன்னிப்புக் கேட்டார்களா?

மூத்த இலிகிதர்:
பாலம் வந்தது நல்லதுதான். இப்போது யாருக்கும் பாதைப் பிரச்சினை இல்லை. பிறகென்ன மனக்குறை?

துறையடி:
பாதைப் பிரச்சினை இல்லையா? 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது? அதுவும் கிண்ணியாதான், அங்கே வேறொரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஆட்களைப் பாதையில் ஏற்றினார்கள், பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் செத்தார்கள். டவுனில் இருந்துகொண்டு "இப்போது யாருக்கும் பிரச்சினை இல்லை" என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

மூத்த இலிகிதர்:
அந்தப் பிள்ளைகளுக்காக நானும் அழுதேன். அதை இடாப்போடு முடிச்சுப் போடாதீர்கள். நாம் பேசியது வெறும் வரி.

உப்புவெளி:
ஐயா, மெசினைத் திட்டுகிறீர்கள். 2020இல் கொரோனா வந்து விரல் வைப்பதை நிறுத்தியபோது எல்லாக் கந்தோரும் இடாப்புக்குத் திரும்பியதே, அப்போது உங்கள் ஒழுங்கும் திரும்பி வந்ததா? நான் போன இரண்டு கந்தோர்களில் வெள்ளிக்கிழமைக்கு வியாழனே ஒப்பம் வைத்திருந்தார்கள்.

மூத்த இலிகிதர்:
அது மெசினில் பழகிய தலைமுறை செய்த வேலை! கோடு போட ஆள் இல்லாமல் போன பிறகு நடந்தது.

துறையடி:
நானும் அந்தத் தலைமுறைதான். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாத கிழமைகளில் சைக்கிளில் வந்து வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை வீட்டில் நின்று தோட்டம் செய்யச் சொல்லி லீவு கொடுத்தார்கள். அன்றைக்கும் ஓய்வூதியக் கோவைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்தேன். உங்களைப் போல ஓய்வு பெற்றவர்களின் கோவைகள். என்னிடம் ஒழுங்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூதூரான்:
கோவையை வீட்டுக்குக் கொண்டுபோக யார் அனுமதித்தார்கள்?

துறையடி:
நீங்கள் யாருடைய பக்கம்?

மூதூரான்:
யாருடைய பக்கமும் இல்லை. அரசாங்கக் கோவை கந்தோரை விட்டு வெளியே போகக்கூடாது. கேட்டது பிழையா?

நிலாவெளிக் காற்று:
நான் எழுதியதை யாருமே வாசிக்கவில்லை. இப்போதும் ஒரு செய்தி வந்திருக்கிறது. மணி 10.40.

மூத்த இலிகிதர்:
பிள்ளை, உங்கள் வாப்பா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாதையில் வந்து வேலை செய்தவர்களை எனக்கும் தெரியும், நனைந்த காற்சட்டையோடு வந்து மேசையில் இருப்பார்கள். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் கோடு போட்டவன் நான். வெறும் வரி விட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது என் 11 வருடத்தைக் கள்ளம் என்று சொல்வது. அதை விட மாட்டேன். ஆதாரம் இருந்தால் இடாப்பின் படத்தைப் போடுங்கள்.

துறையடி:
இடாப்பு உங்கள் ஆட்களின் அலுமாரியில்தானே இருந்தது, எங்கள் வீட்டில் இல்லையே ஐயா. எங்கள் வீட்டில் இருப்பவை வாப்பாவின் அரை நாள் லீவு விண்ணப்பங்களின் பிரதிகள். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய. ஒவ்வொன்றிலும் காரணம் "பாதை தாமதம்" என்று எழுதியிருக்கிறது. நாளைக்கு எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுகிறேன்.

மூத்த இலிகிதர்:
லீவு விண்ணப்பத்தில் வெறும் வரி தெரியாது.

துறையடி:
9.10க்கு வந்தவருக்கு ஏன் அப்படி ஒரு பெட்டி இல்லை என்று நீங்களே யோசியுங்கள்.

மூத்த இலிகிதர்:
அவர் 9.10க்கு வரவில்லை.

மூதூரான்:
எந்த நேரப்படி?