பழைய சுண்ணாம்புச் சுவருக்கு நம்ம ஊர் பூக்கொடி எது வைக்கலாம்?

கானாடுகாத்தான் வாசி:
பின்கட்டு காம்பவுண்டு சுவர் மொட்டையா நிக்குது, நம்ம மண்ணுல தானா வர்ற கொடியா பூக்குறதா ஏதாச்சும் ஏத்திவிடணும், பட்டாம்பூச்சி தேன்சிட்டு எல்லாம் வரணும். சரளை கலந்த செம்மண்ணு, கோடையில தண்ணி கஷ்டம். நர்சரில போய் கேட்டா காகிதப்பூவத்தான் நீட்டுறாங்க. செங்காந்தள் ஆசையா இருக்கு, வருமா? வீட்ல நாலு வயசு வாண்டு ஒருத்தன் இருக்கான்.

கண்மாய்க்கரை:
தாராளமா வரும்க்கா. இலை நுனியே சுருண்டு கம்பியப் புடிச்சு ஏறும், மழை சீசன்ல பூத்துட்டு அப்புறம் மேல காஞ்சுரும், செத்துப்போச்சுன்னு தோண்டிப் போட்றாதீங்க, கிழங்கு உள்ள உசிரோடதான் இருக்கும், அப்ப தண்ணி ஊத்துனா அழுகிரும். தேன்சிட்டும் வரும் பட்டாம்பூச்சியும் வரும். ஆனா கிழங்கு, விதை எல்லாமே கோல்சிசின் விஷம், உசிருக்கே ஆபத்து. வாண்டு பெரியவனாகட்டும், இப்ப வேணாம்.

புழுப்பிரியன்:
பூவ மட்டும் பாத்து நட்டா பட்டாம்பூச்சி தேன் குடிச்சிட்டு போயிட்டே இருக்கும். முட்டை போட இலை வேணும்ங்க. வேலியில சும்மா கிடக்குற வேலிப்பருத்திய யாரும் மதிக்கிறதில்ல, பிளெயின் டைகர் பட்டாம்பூச்சி அதுலயும் முட்டை போடும் (பால் தோல்ல பட்டா அரிக்கும், பாத்துக்கங்க). ஈஸ்வரமூலி கிடைச்சா காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ்னு ரெண்டு பட்டாம்பூச்சியோட புழுவுக்கும் அதான் சாப்பாடு, புழு அந்த இலை விஷத்த உடம்புல சேத்துவச்சுக்கிறதால குருவி கொத்தாது. பூ சின்னதா குழல் மாதிரி இருக்கும், ஷோவுக்கு ஆகாது. மூலிகைன்னு எவனாச்சும் கஷாயம் வைக்கச் சொன்னா கேக்காதீங்க, கிட்னி போயிரும். இலையெல்லாம் ஓட்டை விழும், மருந்தடிக்கக் கூடாது, அதுக்கு மனசு இருந்தா வைங்க.

தேவகோட்டைக்காரன்:
புள்ள இருக்கிற வீட்ல எதுக்கு இந்த விஷப்பரீட்சை எல்லாம்? கோவைக்கொடி விடுங்க. வெள்ளைப் பூவுக்கு தேனீ வரும், பழம் செவந்துட்டா கிளி, அணில், கொண்டைக்குருவி எல்லாம் ஆஜர். ஆண் கொடி பெண் கொடி தனித்தனி, ரெண்டும் இருந்தாத்தான் காய்க்கும், அதனால காய்ச்ச கொடியில தண்டு வெட்டி நடுங்க, பக்கத்து வேலியில ஆண் கொடி இருந்தாப் போதும். வறட்சியில காஞ்சாலும் வேர்க்கிழங்குலேர்ந்து திரும்பத் துளுக்கும். பட்டாம்பூச்சிக்கு பக்கத்துல கிலுகிலுப்பைச் செடி போடுங்க, புளூ டைகர் காஞ்ச செடியிலகூட மொய்க்கும்.

கானாடுகாத்தான் வாசி:
அப்ப கோவைதான் அண்ணே. சுண்ணாம்புப் பூச்ச வேர் பேத்துருமா? எங்க ஆச்சிக்கு அந்தக் கவலைதான்.

தேவகோட்டைக்காரன்:
பேக்காது, பற்றுச்சுருள்லதான் ஏறும், சுவர்ல வேர் விடாது. அரை அடி தள்ளி கம்பி வலை அடிச்சுவிடுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி நட்டா புடிச்சுக்கும்.